அறுநூத்தி நாப்பது கே

தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்கன்னு நீங்களுமா சொல்றீங்க, கொளஞ்சியப்பன் சார்? பழைய கம்ப்யூட்டர் பாக்கறவரு மஞ்சக்குப்பத்துல ஒருத்தர்தான் மிச்சம்னாங்க. அதான் உங்கள அண்ணாமலை நகர் வரைக்கும் வரவழைச்சேன். ஒக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும்.

பாருங்க அத. மெமரி போதலையாம். எட்டு எம்பி இருக்கு, ஆனா இந்தத் தமிழ்ல எழுதற புரோகிராமுக்கு மெமரியோட கீழ்த்தட்டுல, அந்த அறுநூத்தி நாப்பது கே-வுலதான் எடம் வேணும். சீ! அதுல மவுஸ் டிரைவர், சிடி டிரைவர், வைரஸ் பாக்கறதுன்னு கண்டதும் கல்யாண வீட்டு முன்வரிசை மாதிரி ஒக்காந்திருக்கு. எழுந்து மேல்தட்டுக்குப் போக ஒண்ணுக்கும் மனசில்ல.

போன வாரம் வந்த ஆளு, அதுங்கள மேல ஏத்தறதுக்கு மெமரி மேனேஜர் போட்டாச்சு மேடம்னாரு. போட்டாரு, கர்மம். சின்னதுங்கள மொதல்ல மேல ஏத்திட்டா பெருசு எங்க போகும்? ஆமா, வரிசைய மாத்துங்க. பெருசுதான் மொதல்ல.

எனக்கு எப்படித் தெரியுமா? தொண்ணூத்தஞ்சுல, எது எங்க ஒக்காரணும்னு சொல்ற இந்த கான்பிக் ஃபைல எழுதினதே நான்தான் சார். இப்ப கண்ணுக்கு எழுத்தெல்லாம் எறும்பா ஊருது. வர்றவங்ககிட்ட எங்க வீட்டுக்காரரு, நான்தான் சரி பண்ணேன்னு மீசைய தடவிப்பாரு. நான் காபி கொண்டாந்து வப்பேன்.

அவரு பேரா? தில்லைநாதன். போன தை மாசம் போயிட்டாரு. அவரு டாக்டர் பட்டத்துக்குக் குடுத்த ஆராய்ச்சி இதுக்குள்ளதான் இருக்கு, திருவதிகைக் கோயில் கல்வெட்டு பத்தி. அவரோட ஸ்டூடண்ட் அருள்மொழி அத புஸ்தகமா போடறா, நாலு மணிக்கு வாங்க வருவா. பைண்டு பண்ண காப்பியா? தானே புயல்ல ஊறிக் கூழாயிடுச்சு. திருவதிகைக்கே அவரு ரெண்டு தடவதான் வந்தாரு. பஸ்ஸு ஒத்துக்காது.

ஆஃப் பண்ணிப் போடுங்க. எவ்வளவு காலி? அறுநூறா? போதும் போதும். தொறந்துருச்சா! நீங்களே நன்றியுரைக்குப் போங்க. கடைசி வரி. படிங்க.

தட்டச்சு செய்து உதவிய என் மனைவி அமராவதிக்கு நன்றின்னு இருக்கா? ம். நான்தான்.

அந்த வரிய மட்டும் அழிச்சிருங்க சார்.

இருக்கட்டும்னா எப்படி? நானூறு பக்கத்தையும் எழுதினவ, டைப் அடிச்சதுக்கு எதுக்கு நன்றி வாங்கிக்கணும்?