கல்யாண பீரோ

காலையில் கடையைத் திறந்ததும் நான் முதலில் செய்வது, கம்ப்ரஸர் தொட்டியில் தேங்கியிருக்கும் தண்ணீரைத் திறந்துவிடுவது. பலர் இதைச் செய்வதில்லை. காற்றோடு ஒரு சொட்டுத் தண்ணீர் பெயிண்ட் அடிக்கும் கன்னுக்குள் போனால் போதும், கண்ணாடி மாதிரி வந்துகொண்டிருக்கும் கார் பானெட்டில் அம்மைத் தழும்பு விழுந்துவிடும். பிறகு பெயிண்டைக் குறை சொல்வார்கள், வெயிலைக் குறை சொல்வார்கள். சொந்தச் சோம்பலைச் சொல்லமாட்டார்கள்.

நான் எதையும் மறைக்கப் போவதில்லை மேடம். ஆனால் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

எங்களுடையது கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கடை. நானும் என் தம்பியும் மட்டும்தான். பட்டி போட்டு உப்புத்தாள் தேய்ப்பது நான். கன் பிடிப்பது பெரும்பாலும் அவன். நான்தான் கற்றுக்கொடுத்தேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. உண்மையில் அவன் பார்த்தே பிடித்துக்கொண்டான். வண்டியிலிருந்து ஒரு சாண் தள்ளி கன்னை நேராகப் பிடித்து, மணிக்கட்டை வளைக்காமல், உடம்போடு பக்கவாட்டில் நகர்வான். நண்டு போகுது பார் என்று கிண்டல் செய்வேன். அவன் அடித்த கதவில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

கழுவுவது என் பொறுப்பு. கன்னை முழுசாகத் தின்னரில் ஊறப்போடக் கூடாது. உள்ளே இருக்கும் வாஷர் உப்பிவிடும். ஊசியைப் பின்பக்கமாக உருவி, நாசிலைக் கழற்றி, மெல்லிய பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். காற்றுத் துளையைக் கம்பியால் குத்தினால் துளை கோணிக்கொள்ளும். விசிறி மாதிரி விரிய வேண்டிய பெயிண்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து அடிக்கும்.

மாஸ்க்கும் என் பொறுப்புதான். கடைசிப் பூச்சில், பெயிண்ட் சீக்கிரம் இறுக நாங்கள் ஹார்டனர் கலக்கிறோம். அது தூசியாகப் பறந்து காற்றிலேயே நிற்கும். சிலருக்கு அது ஒருமுறை நெஞ்சில் ஏறிவிட்டால் உடம்பு அதை மறப்பதில்லை. அப்புறம் துளி பட்டாலும் மூச்சுக்குழாய் இறுகிவிடும். அதற்காகத்தான் மாஸ்க்கின் இரண்டு பக்கமும் கரி அடைத்த டப்பா. கரி தீர்ந்ததும் டப்பாவை மாற்ற வேண்டும்.

அப்பாவும் அம்மாவும் ஒரே மழைக்காலத்தில் அடுத்தடுத்துப் போனபோது தம்பிக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. நான் மீசை முளைக்காத பையன். அவனுக்குச் சோறு ஊட்டி, காய்ச்சலில் மடியில் கிடத்தி, பள்ளிக்கூட வாசலில் நின்று வளர்த்தேன். எனக்கும் ஒருத்தி வாய்த்தாள். "இந்த வீட்டுல உங்க ரெண்டு பேருக்குத்தான் இடம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் தேடிப் போகவில்லை. அவள் சொன்னது சரிதானே.

போன வருடம் தம்பி ஒரு பெண்ணைக் கூட்டிவந்தான். வெளியூரில் பஸ் ஓட்டுகிறவள். நான் அவளைப் பஸ்காரி என்றேன். அவள் சிரித்துக்கொண்டு, "டிக்கெட் எடுக்காம ஏறக்கூடாது மாமா" என்றாள். தம்பியும் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

ஒருநாள் நான் கன்னைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை கிடைக்கும்போல இருக்கு. அவ ஊர்லதான். கல்யாணத்தையும் அங்கேயே வச்சிடலாம்னு பாக்கறோம்."

"கடை?"

"மூடிட்டு நீயும் வாயேன். மாடியில ஒரு ரூம் இருக்காம். அண்ணனுக்குன்னு சொல்லி வச்சிருக்கா."

கவனித்தீர்களா? வளர்த்தவனுக்கு மாடி ரூம். இறங்கி வந்தால் விருந்தாளி, ஏறிப் போனால் பாரம்.

கெஞ்சிப் பார்த்தேன். கடைப் பலகையில் அவன் பெயரை மட்டும் எழுதுகிறேன் என்றேன். அவளை இங்கே வரச் சொல் என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் எங்க அண்ணே ஓடிப்போறேன், கூப்பிடு தூரந்தானே" என்றான். அன்று மதியம் பெயிண்டுக்குத் தயாராக நின்ற ஒரு காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கண்ணாடிகளையெல்லாம் பேப்பரால் மூடி ஒட்டியிருந்தோம். அதனால் யாரும் பார்க்கவில்லை.

வேலைக்கு எடுக்கும் முன் ஒரு குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலைச் சோதிப்பார்கள் என்று அவன் சொல்லியிருந்தான். அதில் தவறினால் போதும் என்று நினைத்தேன். அதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லை.

கரி தீர்ந்த டப்பாக்களைத் துடைத்து, புது உறைக்குள் போட்டு, அவன் கண் முன்னால் உறையைப் பிரித்து மாட்டினேன். என் மாஸ்க்குக்கு நல்ல டப்பா. இரண்டு பேருக்கும் ஏதாவது ஆகிவிட்டால் அவனை யார் கவனிப்பது?

"அண்ணே, மாஸ்க்குக்குள்ள வாசனை வருதே. மாத்துனியா?"

"நீ பாத்துட்டுத்தானே இருந்தே. புது டப்பா அப்படித்தான். போகப் போகச் சரியாயிடும்."

"அப்ப சரி" என்றான். என் பேச்சை அவன் சந்தேகப்பட்டதே இல்லை.

முதலில் இருமல். பிறகு விடியற்காலையில் நெஞ்சுக்குள் விசில் சத்தம். சோதனையில் அவனால் பாதிகூட ஊத முடியவில்லை. டாக்டர் என்னையும் உட்காரவைத்து, இனி பெயிண்ட் இருக்கும் பக்கமே இவர் போகக் கூடாது, அடுத்த தடவை இப்படி வந்தால் தாங்கமாட்டார் என்றார். நன்றாகக் கேட்டுக்கொண்டேன். கேட்கவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நல்ல நாட்கள் மேடம். கப்பல் வேலை போயிற்று. அவன் வீட்டிலேயே இருந்தான். வெந்நீர் வைத்துக் கொடுப்பேன், முதுகைத் தடவிவிடுவேன். வாசற்படி ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்குவான். "உன்ன ரொம்பப் படுத்தறேன் அண்ணே" என்பான். நான் நிம்மதியாகத் தூங்கினேன். கொஞ்சம் கொஞ்சமாக அவன் உடம்பும் தேறியது.

பஸ்காரி விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். நோயாளியை யார் கட்டிக்கொள்வார்கள்? அவள் பழங்கள் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"மாமா, கப்பல் வேலை போனா போகுது. எங்க டிப்போல டிக்கெட் கவுண்டருக்கு ஆள் எடுக்கறாங்க. உக்காந்து செய்யற வேலை. பெயிண்ட் வாடையே கிடையாது. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன். நீங்களும் வந்துடுங்க, ரூம் அப்படியேதான் இருக்கு."

அவளைத் தப்பு சொல்ல முடியாது. மரியாதையாகத்தான் கேட்டாள். நானும் மரியாதையாகச் சரி என்றேன். வீட்டில் இருக்கும் பழைய இரும்பு பீரோவைப் புதுசு மாதிரி ஆக்கிக் கல்யாணத்துக்குத் தருகிறேன் என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது.

சனிக்கிழமை மதியம் தம்பி சாப்பிட்டுவிட்டு உள் அறையில் படுத்தான். பீரோ முன் அறையில் இருந்தது. நடுவில் கதவு கிடையாது, திரைச்சீலைதான். சின்ன கம்ப்ரஸரைக் காலையிலேயே கடையிலிருந்து கொண்டுவந்திருந்தேன். ஈரப் பெயிண்டில் தூசி விழக் கூடாதென்று ஜன்னல்களைச் சாத்தினேன். கம்ப்ரஸர் சத்தத்துக்கு அவன் விழிக்கமாட்டான். சிறுவனாக இருந்தபோது கடை மூலையில் கம்ப்ரஸர் இரைச்சலில்தான் தூங்குவான். மூச்சுத் திணறினால் இழுக்கச் சொல்லி டாக்டர் அவனுக்குக் கொடுத்த இன்ஹேலர் என் சட்டைப் பையில் இருந்தது. மூட்டை கட்டும்போது தவறிவிடக் கூடாதே என்று எடுத்துவைத்ததாக நேற்று விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அது பொய். ஒளித்துத்தான் வைத்தேன்.

ஹார்டனரைக் கலந்தேன். என் மாஸ்க்கை மாட்டிக்கொண்டேன். ஒரு பேப்பரில் அடித்துப் பார்த்தேன். விசிறி நன்றாக விரிந்தது. சின்னதாக ஒரு மூச்சுத் திணறல் வரட்டும், சில நாள் ஆஸ்பத்திரியில் இருக்கட்டும், ஞாயிறு தள்ளிப்போகட்டும். இவ்வளவுதான் என் கணக்கு. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறவனும் நான்தானே.

பீரோவின் முதல் கதவு முடியும்போது இருமல் கேட்டது. இரண்டாவது கதவின் மேல்பாதியில் இருந்தபோது திரைக்குப் பின்னால் ஏதோ விழுந்தது. "அண்ணே" என்று கூப்பிட்டான். பிறகு மூச்சில்லாமல் இன்னொரு தடவை. பூச்சை நடுவில் நிறுத்தினால் விளிம்பு தெரியும். மறுபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டிவரும். கீழ்வரைக்கும் இறக்கி முடித்துவிட்டுப் போனேன்.

திரைச்சீலையைப் பிடித்தபடி கிடந்தான். இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினேன். உள்ளே இழுக்க அவனால் முடியவில்லை. என் மாஸ்க்கைக் கழற்றி அவன் முகத்தில் மாட்டினேன். அவன் அதைத் தள்ளவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை மேடம், நான் சத்தியமாகச் சொல்வேன். நான் வந்துவிட்டேன் என்ற நிம்மதிதான் இருந்தது.

ஆமாம், நான்தான் கொன்றேன். கரி தீர்ந்த டப்பாவை மாட்டியதும், மருந்தை எடுத்ததும், அவன் கூப்பிட்டும் கையை நிறுத்தாததும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம். உடம்பைத் தன் ஊருக்குக் கொண்டுபோக அந்தப் பெண் வெளியே நின்று அழுகிறாளாம். இரத்த உறவு என்று இருப்பவன் நான் ஒருவன்தான். எனக்குச் சம்மதமில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். அவன் இங்கேயே இருக்கட்டும். வெளியூர்க் காற்று அவனுக்கு ஒத்துக்கொள்ளாது.