ஒரு கையால் எழுப்பக் கூடாது

முகேஷ்குமார் என்னிடம் முதலில் கேட்டது இனத்தைப் பற்றியா, வகுப்பைப் பற்றியா என்று இப்போது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. இனத்தைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் அவனைப் பற்றிய நினைவில் எது அவன் சொன்னது, எது பிறகு நான் சேர்த்துக்கொண்டது என்று பிரிக்க முடியாமல் போய்விட்டது. ஆகவே இதில் சில இடங்கள் தவறாக இருக்கலாம். முக்கியமான இடம் தவறாக இருக்காது.

ஸ்டேஷனில் உட்காரவைத்துப் பேசச் சொன்னீர்கள். எனக்குப் பேச்சு வராது, எழுதித் தருகிறேன் என்றேன். காகிதம் கொடுத்தீர்கள், தேநீரும் சொன்னீர்கள். நன்றி. "செல்போன்ல விளையாடுனதுக்கும் ஒருத்தன் தென்ன மரத்துல இருந்து விழுந்ததுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டுமானால் உங்களுக்கு அந்த விளையாட்டை முதலிலிருந்து கற்றுத்தர வேண்டும். புதியவர்களுக்குக் கற்றுத்தருவது எனக்குப் பழக்கம்தான்.

விளையாட்டின் பெயர் ஏழு கோட்டை. வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் செல்போன் வழியாக ஒரே உலகத்துக்குள் நுழைந்து, குழுவாகச் சேர்ந்து ஆடுவது. நுழைந்ததும் ஓர் இனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மனிதருக்கு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வரும். வனவருக்கு வேகம். குள்ளருக்கு அடி தாங்கும் உடம்பு. அரவருக்குப் பாம்பின் இரத்தம். அடுத்தது வகுப்பு, அதாவது நீங்கள் செய்யப்போகும் வேலை. முன்னால் நின்று அடி வாங்குகிறவன் வீரன். தள்ளி நின்று அம்பு விடுகிறவன் வில்லாளி. மந்திரவாதியும் உண்டு. கடைசியாக வைத்தியன். அவன் யாரையும் கொல்வதில்லை, விழுந்தவர்களை எழுப்புவான். நான் இதையெல்லாம் தமிழில் எழுதிப் போட்டபோது எங்கள் குழுவில் இருக்கும் நாசர், "இனம், வகுப்பு... என்னண்ணே, தாலுகா ஆபீஸ் சர்டிபிகேட் மாதிரி இருக்கு? வருமானச் சான்றிதழும் வேணுமா?" என்று கேட்டான். நாசர் நாகல் நகரில் செல்போன் உறை விற்கிறவன். அவனுடைய வேடிக்கை அந்த அளவோடு நிற்கும். அதனால் அவனைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது.

லெவல் என்பது வயதைப் போல. ஒவ்வொரு சண்டையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஆண்டுக்கணக்கில் ஏற்றினால்தான் உயரத்துக்குப் போக முடியும். ஆனால் விழுந்தால் ஒரு மணி அடிக்கத் தொடங்கும். வைத்தியனுடைய செல்போனில் அந்த மணி கேட்கும். அது நிற்பதற்குள் அவன் எழுப்பிவிட்டால் நீங்கள் எதையும் இழக்க மாட்டீர்கள். எழுப்பாவிட்டால் உங்கள் லெவலில் பாதி போய்விடும். நான் ஆடுவது வீரன்; லெவலில் அவனைவிட உயரமானவன் எங்கள் குழுவில் கிடையாது. அவன் எனக்கு எவ்வளவு முக்கியம் என்பது எல்லோருக்கும் தெரியும். முகேஷ்குமாருக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும்.

நான் வேலை பார்ப்பது திண்டுக்கல்லில் ஒரு தனியார் கல்லூரியின் நூலகத்தில். யாரும் அதிகம் வருவதில்லை. குழுவில் நாசரும், கீரனூர்க் கௌசல்யாவும், நானும் வெகுகாலம் பேசாமலே ஆடினோம். மைக்கைத் திறந்து வைத்திருப்போம். கௌசல்யாவின் தையல் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். யார் என்ன செய்ய வேண்டும் என்று மூவருக்கும் தெரியும். என் வாழ்க்கையில் மனிதர்களோடு இருந்து நான் களைப்படையாத நேரம் அது ஒன்றுதான். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியதில்லை.

புதியவர்களுக்காக நான் எழுதிப் போட்டிருந்த வழிகாட்டியைப் படித்துவிட்டு முகேஷ்குமார் வந்தான். சேவுகம்பட்டிக்காரன். அவன் அப்பா பொன்னுத்துரை தென்னந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுக்கிறவர். மரம் ஏறுவது மகன். "அண்ணே, எனக்கு எது சரியா வரும்?" என்றான். மனித இனம், வைத்தியன் வகுப்பு என்று நான்தான் சொன்னேன். அவனுக்குப் பொருத்தமான வகுப்பு அது. பிறர் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவன்.

வந்த நாளிலிருந்து பேசினான். அவன் பேச்சுக்கு இடைவெளி கிடையாது. மாமன் மகள் கல்யாணம், பக்கத்துத் தோப்புக்காரனின் நாய், காலையில் தின்ற இட்லிக்கு வெஞ்சனம் சரியில்லாமல் போனது, எல்லாம் வரும். கௌசல்யா சிரிக்கத் தொடங்கினாள். அவள் சிரிப்பை அதுவரை நான் கேட்டதே இல்லை. தையல் மெஷின் சத்தம் நின்றுபோனது.

இனி மரம். தோப்புக்குள் தரையில் நின்றால் டவர் கிடைக்காது. மரத்தின் கொண்டையில் ஏறினால் நன்றாகக் கிடைக்கும். எனவே முகேஷ் காய் வெட்ட ஏறும்போதெல்லாம் மட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கொஞ்சம் ஆடிவிட்டு இறங்குவான். "மரத்து மேலதாண்ணே நம்ம ஆபீஸு. ஏசி கூட உண்டு" என்பான். விழுந்துவிட மாட்டாயா என்று ஒருநாள் கேட்டேன். உண்மையான அக்கறையோடுதான் கேட்டேன்.

"ஒரு கையால பச்ச மட்டையப் புடிச்சிருக்கணும்ணே. அதான் உசுரு. காஞ்ச மட்டையத் தொட்டா முடிஞ்சுச்சு. ஒரு கை அங்க இருக்குற வரைக்கும் எமனே வந்தாலும் எறக்க முடியாது."

எழுப்புவதற்குத் திரையின் இரண்டு மூலைகளையும் இரண்டு கட்டைவிரல்களால் சேர்த்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மரத்தில் இருந்தபடி அவனால் அது எப்படி முடியும் என்று யோசித்தேன். பிறகு நானே தேடி, ஒற்றைக் கையால் எழுப்பும் ஏற்பாடு ஒன்று அமைப்புகளுக்குள் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னேன். சற்றுத் தாமதமாகும், மற்றபடி ஒரு குறையும் இல்லை. அவனைப் பத்திரமாக வைத்தவன் நான்தான் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பிறகு நடந்ததை மட்டும் வைத்து ஒரு மனிதனை எடைபோடுவது சரியில்லை.

வழிகாட்டியில் நான் எழுதியிருந்தேன்: வைத்தியனாக விரும்புகிறவர் மனித இனத்தையே எடுக்க வேண்டும். முகேஷ் எனக்குத் தெரியாமல் அரவ இனத்தில் இன்னொரு வைத்தியனை உருவாக்கி வளர்த்திருக்கிறான். ஒருநாள் குழு முழுவதும் கூடியிருந்தபோது அவனை விஷச் சதுப்புக்குள் இறக்கி நிறுத்தினான்.

"அண்ணே எழுதுனது தப்புண்ணே. பாருங்க, அரவரு விசத்துக்குள்ள நின்னுக்கிட்டே எழுப்புறான். மனுசன் வெளியவே நிக்கணும். இம்புட்டு நாளா எல்லாரும் உங்களப் படிச்சு ஏமாந்துருக்கோம்."

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"பழனி அண்ணன் சொந்தப் பாடத்துலயே ஃபெயிலு" என்றான் நாசர். கௌசல்யா, "ஏனுங்க முகேஷு, நீங்களே பேசிப் போட்டுருங்க. அத்தனையும் படிக்கறதுக்கு யாருக்குங்க நேரம்?" என்றாள். அவன் பேசிப் போட்டான். புதியவர்களுக்கான வழிகாட்டி, முகேஷின் குரலில், நாய்க் கதையோடும் மாமன் மகள் கதையோடும். குழுவின் பக்கத்தில் என்னுடையதைக் கீழே இறக்கிவிட்டு அதை மேலே வைத்தார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. நான் பேசாமல் இருப்பது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. எந்த மௌனம் எது என்று பிரித்தறிய அவர்களில் யாருக்கும் தெரியவில்லை.

முகேஷ் மட்டும் தனியே கூப்பிட்டான். "அண்ணே, கோவமா? எடுத்துரச் சொல்லட்டுமா? வாயி சும்மா இருக்காதுண்ணே எனக்கு."

"நீ சொன்னது சரிதான்" என்றேன்.

அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு என்னிடம் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டான். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் யோசனை கேட்டான். ஈடுகட்டுகிறான் என்று புரிந்தது.

அப்போதுதான் அவனுக்கு மட்டும் ஒரு வரி அனுப்பினேன். விளையாட்டில் புதிதாகச் சில மாற்றங்கள் வந்திருந்த சமயம் அது. 'இந்த மாற்றத்துக்குப் பிறகு ஒரு கையால் எழுப்பக் கூடாது. அப்படி எழுப்பப்பட்டவர் பாதி லெவலை இழந்துதான் எழுவார்.' அவ்வளவுதான்.

அது பொய். முகேஷ் நாசரை ஒருமுறை விழச் சொல்லிச் சோதித்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். சோதித்துப் பார்ப்பது அவன் சுபாவம்தான். ஆனால் ஒருமுறை என்னைச் சோதித்து, எல்லோர் முன்னிலையிலும் தப்பு என்று சொல்லியாயிற்று. மறுபடியும் அண்ணன் பேச்சைச் சரிபார்ப்பது மரியாதை இல்லை என்று அவன் நினைப்பான். அதை நம்பித்தான் எழுதினேன். "அப்படியாண்ணே? நல்லவேள சொன்னீங்க" என்று பதில் வந்தது. இரண்டு கைக்கு மாற்றிக்கொண்டான்.

அதற்குப் பிறகு வீட்டில் இருக்கும்போது அவன் என்னை இரண்டு கையாலும் பலமுறை எழுப்பியிருக்கிறான். நான் அவசரப்படவில்லை.

அன்று முற்பகல். நூலகத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். நாசர் கடையில், கௌசல்யா துணி எடுக்கப் பழனி டவுனுக்குப் போயிருந்தாள். காதில் முகேஷின் குரல் வந்தது.

"ஏறிட்டேன்ணே. டவர் ஃபுல்லு. செத்த நேரம் ஆடுவோம். இன்னும் ஒரு குலை கூட வெட்டல, கீழ அப்பா கத்துறாரு."

"பிடிச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

"பச்ச மட்டதாண்ணே" என்று சிரித்தான்.

பாழுங்கிணறு என்று விளையாட்டில் ஓர் இடம் உண்டு. உள்ளே முழுவதும் விஷம். வீரனாக இருப்பவன் அதற்குப் பக்கத்தில் போகக் கூடாது என்று என் வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறேன். நான் என் வீரனை அதன் விளிம்புக்கு நடத்திக்கொண்டுபோய் உள்ளே இறக்கினேன். விழுந்தான். முகேஷின் செல்போனில் மணி அடிக்கத் தொடங்கியது காதில் கேட்டது.

"ஐயோ, என்னண்ணே, அதுக்குள்ள போயிட்டீங்க?"

அவன் இறங்கினால் டவர் போய்விடும், மணி நின்றுவிடும். இது அவனுக்கும் தெரியும். அவன் என்னை விட்டிருக்கலாம். விழுந்தவனை எழுப்பாமல் விடும் உரிமை எந்த வைத்தியனுக்கும் உண்டு. நான் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

"இருங்கண்ணே. வாரேன்" என்றான்.

என் வீரனைச் சுற்றி வெளிச்சம் வந்தது. இரண்டு விரலும் கடைசிவரை அழுந்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வெளிச்சம் வராது. வீரன் எழுந்து நின்றான். ஒரு லெவலும் குறையவில்லை. காதில் மட்டை உரசுவது போல ஏதோ கேட்டது. பிறகு வெகு தூரத்தில், வயதான குரல் ஒன்று, "ஏலே" என்றது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நான் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். முன்பு நாங்கள் மூவராக ஆடியபோது இருந்த மாதிரியே இருந்தது. ஒரு மாணவி பொருளாதாரப் புத்தகம் கேட்டு வந்தாள். எடுத்துக் கொடுத்தேன்.

துக்கத்துக்குச் சேவுகம்பட்டி போனேன். பொன்னுத்துரை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதானாப்பு அந்தப் பழனி அண்ணன்? உன்னப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருப்பான். மரம் அவன ஒன்னும் பண்ணாது தம்பி. பொறந்ததுல இருந்து ஏறுறவன். ஏன் கைய விட்டான்னுதான் வெளங்கல" என்றார். அவருக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். சொல்லவில்லை. அந்த இடத்தில் அது பொருத்தமாக இருந்திருக்காது.

கண்டுபிடித்தது கௌசல்யா. முகேஷ் போன பிறகு குழுவுக்கு வைத்தியன் வேண்டியிருந்ததால் அவள் அந்த வகுப்பை எடுத்தாள். தையல் வேலைக்கு நடுவில் ஒற்றைக் கையாலேயே நாசரை எழுப்பியிருக்கிறாள். பிறகு, "ஏனுங்கண்ணா, ஒரு கையில எழுப்புனா லெவல் போயிருமுன்னு முகேஷு ஒருக்கா எங்கிட்டச் சொன்னாருங்களே. அண்ணன் சொன்னாருன்னாரு. போகலைங்களே?" என்று கேட்டாள். நான் பேசாமல் இருந்தேன். எந்த மௌனம் எது என்று அவளுக்கு அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

ஆகவே, ஐயா, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். அவன் எந்தக் கையால் உயிரைப் பிடித்திருந்தானோ அந்தக் கையை எடுக்க வைத்தேன். கொன்றது நான். எந்தப் பிரிவில் எழுதுவது என்பது உங்கள் வேலை.

முகேஷ்குமாரை அவன் ஊரிலேயே எரித்தார்கள். பொன்னுத்துரை தோப்புக் குத்தகையை விட்டுவிட்டு, வத்தலக்குண்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் காவல் இருக்கிறார். நாசர் விளையாட்டைச் செல்போனிலிருந்து அழித்துவிட்டான், என்னைப் பார்த்தால் கடைக்குள் போய்விடுகிறான். கௌசல்யா உங்களிடம் வந்தாள். முகேஷ் பேசிய வழிகாட்டியைக் கேட்கத் தாங்கவில்லை என்று அவர்களே எடுத்துவிட்டார்கள், என்னுடையது மறுபடி மேலே வந்திருக்கிறது. என் வீரன் ஒரு லெவலும் இழக்காமல் அந்தக் கிணற்றுக்கு அருகில் நிற்கிறான். அவனை எழுப்பியவன் நல்ல வைத்தியன். அந்த வகுப்பை அவனுக்குத் தேர்ந்து கொடுத்தவன் நான், அதில் நான் தவறவில்லை.