பிரிக்காத புத்தகங்கள்

கோட்டுச்சேரியில் பஸ் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். கணவர் மடியில் பை நிறைய மாதப் பத்திரிகைகள், தாள் உறையோடு.

"சந்தா வேணாம்னு லெட்டர் போட்டும் பத்திரிகைக்காரன் அனுப்புறான், பேங்க்லேர்ந்து பணமும் எடுக்குறான். எட்டு மாசமா ஒண்ணகூடப் பிரிக்கல. வக்கீல்கிட்ட அதான் நமக்குச் சாட்சி."

அந்த அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, வக்கீல் உறைய உத்துப் பாப்பாரா?"

"ஏன்?"

"பிரிச்சுப் படிச்சிட்டு, சோத்துப் பருக்கை வச்சு ஒட்டிட்டேன். தொடர்கதைங்க."

அவர் ஒன்றை எடுத்துத் திருப்பினார். ஓரத்தில் பருக்கை காய்ந்திருந்தது.

"எட்டையுமா?"

"ஏழத்தான். இந்த மாசத்தது இன்னும் பிரிக்கல."

"அது எங்கடி?" அவர் போட்ட சத்தத்தில் கண்டக்டரே திரும்பினார்.

"வீட்டுலயே எடுத்து வச்சிட்டேன். அதுலதாங்க கதை முடியுது."