மேகம் வந்தால் பெருகும் கிருமி

“அண்ணே, நேத்து மேகம் வந்தப்பெல்லாம் கிருமி பெருகுச்சு.”

பேரையூர் பஸ்ஸில் முன் சீட்டுக் கல்லூரிப் பெண்ணின் மடியில் வெளிச்சத்தை அளக்கும் முள் வைத்த பெட்டி. உள்ளே ஒரு பல்பு, தெப்பக்குளத் தண்ணீர் ஒரு சொட்டு விட்ட, கிருமி வளர்க்கும் தெளிந்த சூப்பு.

“சூப்பு கலங்குனா வெளிச்சம் கொறஞ்சு முள்ளு எறங்கும். அப்பிடித்தான செஞ்சேன்?” என்றார் பக்கத்தில் இருந்த ரேடியோ ரிப்பேர்கார அண்ணன்.

“பெட்டில எதுக்கு இம்புட்டு ஓட்டை?”

“ரேடியோவுக்குப் போடுவோம்ல, சூடாகாம இருக்க.”

“அது வழியா வெயில் நொழையுதுண்ணே! மேகம் மறைச்சா முள்ளு எறங்கிருது. நாளைக்கு மேடத்துகிட்ட காமிக்கணும்.”

கறுப்புக் குடையை விரித்துப் பெட்டியை மூடினாள். புளியமர நிழல் வந்தது.

“முள்ளு அசையலண்ணே!”

வெட்டவெளியில் பஸ் நின்றபோது குனிந்து பார்த்தாள்.

“முள்ளு எறங்குது!”

“இங்கன மரமே இல்லையே.”

“அப்ப நெசமாவே கிருமிண்ணே!”

இருவரும் கைதட்டிச் சிரித்தார்கள். நான் பின் சீட்டுக்கு மாறினேன்.