கேடயம் தூக்கியவர்கள்

கொள்ளேகாலத்திலிருந்து மைசூருக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் கட்டட வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

"வைக்கிங்னு கடல் கொள்ளைக்காரங்களாம் அக்கா. அதுல ஒரு படைத்தலைவனுக்குக் கால்ல எலும்பே இல்லையாம். கேடயத்துல உக்கார வெச்சு சண்டைக்குத் தூக்கிட்டுப் போவாங்களாம். மக போன்ல பாத்துச் சொன்னா."

"நம்ம ஆளுங்க தெனமும் உன்ற வீட்டுக்காரரைப் பலகைல வெச்சு மாடிக்குத் தூக்கறாப்பல."

"அதேதான். சாரத்துல இருந்து விழுந்து நடக்க முடியாமப் போனவருக்கு, அவங்க இல்லன்னா மேஸ்திரி வேலையேது? அந்தத் தலைவனைத் தூக்குனவங்க பேரென்னன்னு மககிட்டக் கேட்டாரு. தலைவன் பேருதான் இருக்குது, அவங்க பேரு எங்கயுமே இல்லையாம்."

"அப்பறம்?"

"நேத்து மாதேஸ்வரன் மலைல அர்ச்சனைக்குப் பேரு கேட்டாங்க. எங்க பேரு ஒண்ணுமே சொல்லல. பலகை தூக்கற நாலு பேரு பேரையும் சொன்னாரு."