கம்பி கட்டிய யூ போல்ட்

என் பெயரும் அடையாள அட்டை எண்ணும் முதல் தாளில் கண்டபடி. வயது நாற்பத்தேழு. பழைய சந்தை ரோட்டில், மரக்கடைக்கு அடுத்த தகரக் கொட்டகையில் பதினெட்டு வருடமாக லாரி, பிக்கப் வண்டிகளுக்கு அடிப்பாகம் பார்க்கும் ஒர்க்‌ஷாப் நடத்தி வருகிறேன். மற்ற மெக்கானிக்குகள் கைவிட்ட துருப்பிடித்த நட்டுகள் என்னிடம் வருவதால், இந்தப் பக்கம் எல்லோரும் என்னைத் 'துரு அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். புகார் கொடுத்திருப்பவர் என் தங்கையின் கணவர். நான் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். அவர் டைல்ஸ் ஏற்றும் பழைய பிக்கப் ஓட்டுகிறார்.

இன்று காலை எட்டரை மணிக்கு மாப்பிள்ளை லோடோடு வண்டியைக் கொண்டுவந்தார். பின்பக்கம் வலது ஸ்பிரிங்கில் ஒரு பட்டை உடைந்திருந்தது. என் தங்கையும் கூட வந்தாள். அவள் வேலை பார்க்கும் தையல் கம்பெனி மலை இறக்கத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, போகிற வழியில் அவளை இறக்கிவிடுவதாக இருந்தது. பட்டையை மாற்ற வேண்டுமானால், அச்சையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துப் பிடித்திருக்கும் இரண்டு யூ போல்ட்டையும் கழற்ற வேண்டும். நான் ஜாக்கி போட்டுத் தூக்கி, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். அதன் பிறகு ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி மூன்று நட்டுகளைக் கழற்றினேன். நான்காவது நட்டு அசையவில்லை.

அதற்கு இன்னும் ஒரு மணி நேரம் எண்ணெய் ஊற வேண்டும் என்று சொன்னேன். மாப்பிள்ளை மதியம் ஒரு மணிக்குள் லோடு இறக்க வேண்டும் என்று குதித்தார். அப்போது பக்கத்து வெல்டிங்காரரும், கேன் வைக்கும் ஸ்டாண்டை ஒட்டவைக்க வந்த பால்காரரும் அங்கே நின்றார்கள். அவர்கள் எதிரில் மாப்பிள்ளை, "துரு அண்ணன்னு பேருதான் பெத்த பேரு, ஒரு நட்டு வரமாட்டேங்குது" என்றார். வெல்டிங்காரர் சிரித்துவிட்டார். எனக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது.

அதன் பிறகு நான் செய்தது தப்பு. கேஸைத் திறந்து நெருப்பைப் பற்றவைத்து அந்த நட்டையும் அதை ஒட்டிய போல்ட் காலையும் செக்கச் சிவக்கக் காய்ச்சினேன். நட்டு வந்துவிட்டது. போல்ட்டைக் கையில் எடுக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றினேன். சிவந்த இரும்பில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே தெரியும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே கண்ணாடி மாதிரி ஆகிவிடும். எப்போது உடையும் என்று சொல்ல முடியாது.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் நெருப்புப் பட்ட சாமானில் செம்புக் கம்பி சுற்றிவிடுவோம். கம்பி இருந்தால் அது காயலான் கடைக்கு, யாரும் எடுத்து மாட்டமாட்டார்கள். அந்த யூ போல்ட்டிலும் கம்பி சுற்றித் தரையில் போட்டேன். கம்பி எதற்கு என்று மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்துப் பேசப் பிடிக்கவில்லை. புது போல்ட் வாங்கி வருகிறேன் என்று தங்கையிடம் மட்டும் சொல்லிவிட்டு, பத்து இருபதுக்குக் கிளம்பினேன். ஸ்பேர்ஸ் கடை நடந்து போனால் பத்து நிமிடம். கடையில் கூட்டமாக இருந்ததால் தாமதமாகி, பதினொன்று இருபத்தைந்துக்குத் திரும்பினேன்.

வந்து பார்த்தால் வண்டி இல்லை. தரையில் செம்புக் கம்பி மட்டும் கிடந்தது. அவிழ்த்த கம்பி சுருண்டபடியே இருந்தது. போல்ட்டைத் தேடினேன், காணோம். பால்காரர்தான், "அவரே பட்டையை வச்சு முறுக்கி எடுத்துட்டுப் போயிட்டாரு, அஞ்சு நிமிஷம் இருக்கும்" என்றார். ஒரு டன் லோடு, மலை இறக்கம், நான்கு வளைவு, உள்ளே என் தங்கை. போல்ட் உடைந்தால் அச்சு நகரும், அச்சு நகர்ந்தால் வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

மாப்பிள்ளைக்கு ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை. மூன்று முறை போட்டேன். அதன் பிறகு தங்கைக்குப் போட்டேன். அது என் முதுகுக்குப் பின்னால் பட்டறை மேஜையில் அடித்தது. சார்ஜில் போட்டவள் மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

பால்காரரின் பைக்கை அவரிடம் கேட்காமல் எடுத்தது நான்தான். புது யூ போல்ட் கையோடு இருந்தது, அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை, சட்டைக்குள் செருகிக்கொண்டேன். இறக்கம் தொடங்குகிற பெட்ரோல் பங்க் அருகே வண்டியைப் பிடித்தேன். ஹாரன் அடித்தேன், கையைக் காட்டினேன். மாப்பிள்ளை கண்ணாடியில் என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். காலைச் சண்டையைத் தொடர வருகிறேன் என்று அவர் நினைத்திருப்பார், அதில் அவர் மேல் தப்பில்லை. வலது பின்சக்கரம் லேசாக ஆடுவது போல எனக்குத் தெரிந்தது. அது நிஜமா, பயத்தில் தோன்றியதா என்று இப்போது சொல்ல முடியவில்லை.

முதல் வளைவுக்கு முன்னால் முந்திப் போய், பைக்கைக் குறுக்கே போட்டுவிட்டு ரோட்டில் நின்றேன். அவர் நிற்காமல் ஒதுங்கிப் போகப் பார்த்தார். வளைவுக்குள் போய்விட்டால் அவ்வளவுதான் என்று, சட்டையில் இருந்த போல்ட்டை வண்டியின் மூக்கைப் பார்த்து எறிந்தேன். அது எகிறி முன்கண்ணாடியில், தங்கை உட்கார்ந்திருந்த பக்கம் பட்டது. கண்ணாடி முழுவதும் உதிர்ந்தது. வண்டி நின்றது. நான் கதவைத் திறந்தபோது அவள் இடது கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தாள், விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. "என்னண்ணா பண்ணிட்ட" என்று மட்டும் கேட்டாள். பின்னால் ஒரு பஸ்ஸில் வந்தவர்கள் என்னைப் பிடித்துக் கட்டிவைத்தார்கள். தங்கையை அந்த பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண் பற்றி மூன்று நாள் போனால்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னதாக இங்கே போலீஸ் ஸ்டேஷனில் தெரிவித்தார்கள்.

அதன் பிறகு வண்டியை இழுத்து வந்து ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினார்கள். போல்ட் உடையவில்லை, முழுசாக இருந்தது. அது நல்ல போல்ட்டாக இருந்துவிட்டால், ஒன்றுமில்லாததற்கு என் தங்கையின் கண்ணைக் கெடுத்தவன் ஆகிவிடுவேன். சோதிக்க வேண்டும் என்று அதிகாரியைக் கெஞ்சினேன். அவர் வேறு ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். என்னைத் தள்ளி நிற்க வைத்தார்கள். மெக்கானிக் நட்டில் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினார். அரைச் சுற்றுகூட வரவில்லை, நட்டுக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் போல்ட் முறிந்தது. முறிந்த இடம் உப்புக்கல்லை உடைத்த மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "சும்மா அடையாளத்துக்குக் கட்டியிருக்கீங்கன்னு நினைச்சேன் மச்சான். மாட்டலாமான்னு கேக்க அவ உங்களுக்கு ஃபோன் பண்ணினா. எடுக்கலன்னதும், 'பாவம், கடையில கூட்டம் போல'ன்னு சொன்னா" என்றார். புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாக அவர் அதிகாரியிடம் சொன்னார்.

அதன் பிறகு மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதில் ஒரு வரியைத் திருத்தச் சொன்னேன். கடையில் கூட்டம் இல்லை. என்னைத் தவிர அங்கே யாருமே இல்லை. இரண்டே நிமிடத்தில் போல்ட்டை வாங்கிவிட்டேன். மாப்பிள்ளை தவிக்கட்டும் என்று எதிரே பஸ் நிறுத்தத்து பெஞ்சில் போல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து ஐம்பத்தைந்துக்குத் தங்கை கூப்பிட்டாள். புருஷனுக்குப் பரிந்து பேசத்தான் கூப்பிடுகிறாள் என்று நான் கட் பண்ணினேன். அந்த வரி அடிக்கப்பட்டு, ஓரத்தில் என் சுருக்கொப்பம் வாங்கப்பட்டது.

யாரும் மிரட்டாமலும் சொல்லிக்கொடுக்காமலும் சொன்னேன். அடித்த வரியைத் தவிர மற்றதெல்லாம் உண்மை.

(ஒப்பம்)