எழும்பக் கூடாத ஆட்டம்

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. என் வாயில் மிச்சமிருக்கும் நான்கு பற்களின் மேல் சத்தியம். சந்தேகமென்றால் எண்ணிப் பார்க்கலாம்.

அபுல் ஹஸனைத் தடுத்து வைத்தது நான்தான். அவன் என் பக்கத்து வீட்டுக்காரன். கல்முனைக் கடலில் ஒரு சுறா என்னிடம் மணி கேட்டது என்று சொன்னபோது, நீ எத்தனை மணி என்று சொன்னாய் என விசாரித்த ஒரே மனிதன். அப்படிப்பட்டவன், தெஹிவளையில் மகள் நதீராவோடு இருக்கப் போகிறேன் என்று பெட்டி கட்டினால் நான் யாரிடம் கதைப்பது?

பஸ் காலை எட்டு மணிக்கு. ஆறரைக்கே பயணம் சொல்ல வந்தான். ஒரேயொரு ஆட்டம் என்றேன். நான் இடுப்பில் உடுக்கும் மருதமுனைச் சாரத்தை விறாந்தையில் விரித்தேன். கட்டங்கள் நெய்தே வந்திருந்தன. காய்க்குப் புளியங்கொட்டை, உருட்டக் கடற்கரையில் பொறுக்கிய சோகி. சட்டங்களை அங்கேயே யோசித்தேன். ஆறு விழுந்தால் ஆறு கட்டம் பின்னால் போக வேண்டும். அவன் காயை நான் நகர்த்துவேன், என் காயை அவன். தோற்றவன் எழும்பலாம்.

முதலாட்டத்திலேயே தோற்றான். செருப்பைத் தேடினான்.

“இரி மச்சான். இதுல தோத்தவன்தான் வெண்டவன். வெண்டவன் எழும்ப ஏலா.”

“அப்ப நான் வெண்டா?”

“வெண்டவன் எழும்ப ஏலாதெண்டு இப்பதானே சொன்னன்.”

கொஞ்சம் யோசித்தான். ஓம், அது ஞாயம்தான் என்று திரும்ப உட்கார்ந்தான்.

ஏழரைக்குப் பசிக்கிறது என்றான். பசித்தவனுக்காக எதிராளிதான் சாப்பிட வேண்டும் என்பது ஒன்பதாம் சட்டம். வழிக்கென்று அவன் கட்டி வந்த புட்டையும் பொரித்த மீனையும் அவனுக்காக நானே சாப்பிட்டேன். நன்றி சொன்னான்.

எட்டு மணிக்குச் சந்தியில் பஸ் மூன்று தரம் ஹோர்ன் அடித்தது. சத்தம் கேட்டவனுக்குக் கேட்கவில்லை என்பது பதினோராம் சட்டம்.

“எனக்குக் கேக்கல்ல மச்சான்,” என்றான். சட்டத்தை மதிக்கிற மனிதன்.

இது போன நோன்புக்கு முந்திய மாதம். இன்றுவரை அவன் எழும்பவில்லை. தாடி மூன்று வரிசைக் கட்டங்களைத் தாண்டிவிட்டது. அதில் ஒரு கோழி அடை கிடக்கிறது. அவனுக்குப் பசிக்கும் போதெல்லாம் நான் சாப்பிடுவதால் எனக்குத் தொந்தி வைத்துவிட்டது. அவன் புளியங்கொட்டை அளவுக்கு வற்றிவிட்டான். எனக்கும் கொஞ்சம் மனவருத்தம்தான். ஆனால் சட்டம் சட்டம்.

நேற்று நதீராவுக்கு நானே ஃபோன் எடுத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

“மகள், வாப்பா இன்னும் வெண்டுகொண்டுதான் இரிக்காரு.”

அவள் ஃபோனை, பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அபுல் ஹஸனிடம் கொடுத்தாள்.